தைக்காமல் விட்ட ஓரம்

12.9.2024, வியாழன்

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறின மாதிரி இருக்கிறது. இருக்கட்டும், யார் படிக்கப்போகிறார்கள்.

மத்தியானம் தங்கம் ரசம் சோறு பிசைந்து எடுத்துவந்து வாயருகில் நீட்டினாள். கட்டின பெண்டாட்டிதான், ஆனால் நான் என்ன சின்னப்பிள்ளையா? கையைத் தட்டிவிட்டேன். ரசம் முழுக்க அவள் புடவையில். ஒரு வார்த்தை பேசாமல் தரையைத் துடைத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

14.9.2024, சனி

ஆடி மாதத்தில் ஒரு காலை பல் விளக்கிக்கொண்டிருந்தேன். பிரஷ் கையிலிருந்து விழுந்தது. எடுக்கக் குனிந்தேன், நானும் விழுந்தேன். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. அப்புறம் கால் வந்தது, பேச்சு வந்தது. கை மட்டும் வரவில்லை. தோளில் தொங்குகிறது, ஆனால் கிள்ளினால் தெரிவதில்லை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையில் இத்தனை வருஷம் பஸ் ஸ்டியரிங் பிடித்த கை. ரிடையர் ஆகும்வரை காத்திருந்து கழுத்தறுத்தது.

கதவைச் சாத்திக்கொண்டு இடது கையில் ஸ்பூன் வைத்துச் சாப்பிடுகிறேன். பீச்சாங்கையால் சோறு தின்பதை நாலு பேர் பார்க்க வேண்டுமா? யார் வீட்டு விசேஷத்துக்கும் போவதில்லை.

சாயந்திரம் இலக்கியா சிதம்பரத்திலிருந்து போன் பண்ணினாள். முழுகாமல் இருக்கிறாள், மூன்று மாதமாம். எனக்கு ஒரே ஒரு மகள். தை கடைசியில் வளைகாப்பு வைக்கலாம் என்று அவள் மாமனார் சொல்கிறாராம்.

“நீ வந்து பந்தியில உக்காந்து சாப்புடணும்ப்பா.”

“அம்மா வருவா. நான் எதுக்கு.”

“நீ வரலன்னா நான் வளையல் போட்டுக்க மாட்டேன். பாத்துக்க.”

வைத்துவிட்டாள். பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை.

20.9.2024, வெள்ளி

பயிற்சி சொல்லித்தரும் பெண் கொடுத்த ரப்பர் பந்தை ஜன்னல் வழியாக வீசினேன். அமுக்கு அமுக்கு என்றால் எத்தனை நாள் அமுக்குவது? அது போய் ஜெய்னப் வீட்டுக் கொல்லையில் விழுந்தது. பக்கத்து வீடு. அவள் வீட்டுக்காரர் நூர்முகம்மது மலேசியாவில் ஓட்டல் வேலையில் இருக்கிறார்.

பந்தை எடுத்துக்கொண்டு அவளே வந்தாள். முந்தானையில் ஊசி குத்தியிருந்தது, தோளில் பாதி தைத்த போர்வை. பழைய கைலிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப்போட்டுத் தைப்பாள்.

“டிரைவர் அண்ணே, பந்து ஆடுற வயசா இது?” என்றாள். பந்தைத் தங்கத்திடம் கொடுத்துவிட்டு, ஊசியை என் வலது கையில் திணித்து, விரல்களை மடக்கி வைத்தாள். “பந்த அமுக்குனா என்னா கெடைக்கப்போவுது. இதத் தச்சா ஒரு போர்வையாச்சும் மிஞ்சும்.”

ஊசி கீழே விழுந்தது. எடுத்துத் திணித்தாள். மறுபடி விழுந்தது. மறுபடி திணித்தாள். கோபம் வந்தது. ஆனாலும் ஊரான் பெண்டாட்டியிடம் என்ன கத்துவது.

இடது கையால் மணிக்கட்டைத் தாங்கி ஒரு தையல் போட்டேன். ஒன்றே ஒன்று. பாம்பு வளைந்த மாதிரி.

23.9.2024, திங்கள்

நூல் கோர்ப்பது தங்கம். முடிச்சுப் போடுவது ஜெய்னப். நூல் நுனியை நாக்கில் தொட்டு, ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, கட்டைவிரலால் உருட்டி இழுக்கிறாள். கண்ணிமைக்கும் நேரம். அது எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. நடுவில் இழுக்கிற வேலை மட்டும் என்னுடையது.

29.9.2024, ஞாயிறு

பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்குத் தைக்கிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். தங்கம் முகம் செத்துவிட்டது.

“பொறக்காத புள்ளைக்கு எதுவும் சேத்து வெக்காதீங்க. போன தடவ பட்டது போதாதா?”

போன தடவை தொட்டில் கம்பி வாங்கி வந்து வைத்திருந்தோம். ஐந்தாம் மாதத்தில்— அதை எழுத மாட்டேன். கம்பி இன்னும் பரண்மேல்தான் கிடக்கிறது.

ஊசியை வைத்துவிட்டேன்.

2.10.2024, புதன்

மூன்று நாளாகத் தைக்கவில்லை. ஜெய்னப் வந்து கேட்டாள், தங்கம் சொன்னாள். ஜெய்னப் போர்வையைப் பிரித்து ஓரத்தை விரலால் நீவினாள்.

“ஒரு ஓரத்தத் தைக்காம வுட்டுடுங்க அண்ணி. எங்கம்மா அப்பிடித்தான் செய்யும். மூணு பக்கம் மடிச்சுத் தச்சுட்டு, நாலாவது பக்கத்தப் புள்ள பொறந்தப்புறம் தைக்கும். முடிக்காத வேலைய யாரும் பொருள்னு சொல்ல முடியாது பாருங்க.”

“அப்ப இது எதுக்குன்னு கேட்டா?”

“டிரைவர் அண்ணன் கைக்கு வைத்தியம்னு சொல்லுங்க.”

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தங்கம் அலமாரியைத் திறந்து, அவளுடைய பழைய நூல்புடவை ஒன்றை எடுத்து என் மடியில் போட்டாள். அன்றைக்கு ரசம் கொட்டின புடவை. கறை போகவில்லை.

“கறைய வெட்டி எடுத்துட்டு மீதியப் போடுங்க” என்றாள். நான் வெட்டவில்லை.

9.10.2024, புதன்

பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, பழந்துணிதான். நாலு வீட்டில் நன்றாக வாழ்ந்தவர்கள் உடுத்தின துணி என்றால் இன்னும் விசேஷம். தெருவில் யாரும் வாயைத் திறந்து “பேரப்பிள்ளைக்கா?” என்று கேட்கவில்லை. ஆனால் துணி வந்துகொண்டே இருக்கிறது. “உங்க கை வைத்தியத்துக்குண்ணே.” முகத்தை வைத்துக்கொள்ளும் விதத்தைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

நூர்முகம்மது உடுத்தின பச்சைக் கைலி. இலக்கியாவின் பள்ளிக்கூடப் பாவாடை. என்னுடைய காக்கிச் சட்டை, அதைத் தங்கமே வெட்டித் தந்தாள். தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் மாரியம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு, ஒரு ஊதாப் புடவையைக் கொடுத்தாள். “நாலு பெத்தவ கட்டுனது. நாலும் நல்லா இருக்குது” என்றாள். மூன்று தண்ணீர் அலசியும் வஞ்சிர வாசம் போகவில்லை. போகாவிட்டால் என்ன, பிள்ளை சாப்பிடப் பழகிக்கொள்ளட்டும்.

இத்தனை பேர் எனக்கு இருக்கிறார்கள் என்று தெரியாமலே இருந்திருக்கிறேன்.

30.10.2024, புதன்

நாளை தீபாவளி. என்னோடு ஓடின கண்டக்டர் செம்பியன் முறுக்கு, அதிரசத்தோடு வந்து வாசலில் நின்று கூப்பிட்டான். தரையில் சம்மணம் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தவன் எழுந்தேன். போர்வையும் எழுந்தது. மடியில் வைத்துத் தைத்ததில் கட்டியிருந்த கைலியையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன். எந்நேரமாகத் தைத்தேனோ, ஒரு முழம் இருக்கும்.

செம்பியன் சொன்னான், “மச்சான், வண்டிய வுட்டு எறங்குறப்ப சீட்டையும் சேத்து எடுத்துக்கிட்டு வர்றியே.”

தங்கம் சுவரில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஆடிக்குப் பிறகு இன்றைக்குத்தான் அவள் சிரிப்பைக் கேட்கிறேன். அதற்காக இன்னும் நாலு கைலியைத் தைக்கலாம். பிரிக்க முடியாமல் கைலியைக் கத்தரித்துத்தான் என்னை விடுவித்தார்கள். அந்தத் துண்டும் போர்வையிலேயே இருக்கிறது.

1.12.2024, ஞாயிறு

புயல். கரண்ட் இல்லை. தெருவில் தண்ணீர். போர்வையை நெஞ்சோடு சுருட்டிக்கொண்டு கட்டில்மேல் உட்கார்ந்திருந்தேன்.

6.12.2024, வெள்ளி

தண்ணீர் வடிந்துவிட்டது. ஊசியெல்லாம் துரு. கை அப்படியேதான் இருக்கிறது. விரல் மடங்குகிறது, ஊசியைக் கண்ணால் பார்த்தால் பிடிக்கிறது. கண்ணை எடுத்தால் நழுவுகிறது. உணர்ச்சி இல்லாத விரலால் சோறு எப்படித் திரட்டுவது? தை வந்துகொண்டிருக்கிறது.

இன்னாத்துக்கு இந்தப் பொழப்பு. போதும்டா சாமி.

18.12.2024, புதன்

குத்திடுச்சு!

வலது கை, ஆள்காட்டி விரல். ஊசி ஏறினது சுருக்கென்று தெரிந்தது. வலித்தது. ஆமாம், வலித்தது. நான் போட்ட சத்தத்தில் தங்கம் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள், ஜெய்னப் கொல்லை வழியாக ஓடிவந்தாள். விரலில் ரத்தப் பொட்டு. “வலிக்குது, வலிக்குது” என்று நான் சிரிக்கிறேன், இரண்டு பேரும் அழுகிறார்கள். பைத்தியக்கார வீடு என்று நினைத்திருப்பான் வாசலில் நின்ற கேஸ்காரன்.

மறுபடி குத்திப் பார்த்தேன். மறுபடியும் வலித்தது. கடவுளே, ரொம்ப நன்றி.

14.1.2025, செவ்வாய்

பொங்கல். கதவைச் சாத்தவில்லை. இலைபோட்டு, வலது கையால் சாப்பிட்டேன். சர்க்கரைப் பொங்கல் ஒட்டிக்கொள்வதால் வாய்வரை வந்தது. சாம்பார் சோறு வரவில்லை, வழியிலேயே இறங்கிவிட்டது. இலையைச் சுற்றிப் பாதி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கம் பார்க்காத மாதிரி அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத்தான் புத்தி வரவில்லை. இவளிடம் ஒரு நாளாவது நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறேனா? இன்றைக்கும் “உப்பு கம்மி” என்றுதான் சொன்னேன்.

27.1.2025, திங்கள்

மூன்று ஓரமும் மடித்துத் தைத்தாகிவிட்டது. நாலாவதைத் தொடவில்லை. ஜெய்னப் ஊசியில் நூலும் முடிச்சுமாக அந்த ஓரத்திலேயே குத்தி வைத்து, மடித்துத் தந்தாள்.

2.2.2025, ஞாயிறு. சிதம்பரம் போய்வந்தேன்

பஸ்ஸில்தான் போனோம். ஆலப்பாக்கம் வளைவில் என் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. ஓட்டினவன் சின்னப் பையன், நன்றாகத்தான் ஓட்டினான்.

சம்பந்தி ஞானசேகரன் வாசலுக்கு வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனார். இலக்கியா மணையில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும்தான் முதல் வளையலுக்குக் கையை நீட்டினாள். கன்னத்திலும் கையிலும் சந்தனம் பூசி, முழங்கைவரை கண்ணாடி வளையல் அடுக்கிவிட்டார்கள்.

பந்தியில் ஓரமாக உட்கார்ந்தேன். எலுமிச்சைச் சாதம். பொலபொலவென்று உதிர்கிற சாதம், வந்து வாய்த்தது பார். முதல் கவளம் வாய்க்கு வருவதற்குள் வேட்டியில் கொட்டியது. இரண்டாவதும். சுற்றி இருந்தவர்கள் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். “ஒரு ஸ்பூன் கொண்டாப்பா” என்று சம்பந்தி மெதுவாகச் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பந்தியில் பாதியில் எழுந்திருக்கக் கூடாது. இல்லாவிட்டால் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கே நடந்திருப்பேன்.

அப்போது வளையல் சத்தம். இலக்கியா மெதுவாக வந்து என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள்.

“பசிக்குதுப்பா. கையெல்லாம் சந்தனம். ஊட்டு.”

“அம்மாவ ஊட்டச் சொல்லு.”

“உன்னத்தான் கேட்டேன்.”

வாயைத் திறந்துகொண்டு இருந்தாள். பீச்சாங்கையால் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஊட்ட முடியுமா? சாதத்தைத் திரட்டினேன். அவசரப்படாமல், துணியில் ஊசியை ஏற்றுகிற மாதிரி, விரலைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கினேன். பாதி அவள் பட்டுப்புடவையில் விழுந்தது. பாதி வாய்க்குள் போனது.

“இன்னொண்ணு” என்றாள்.

அன்றைக்குத் தங்கம் நீட்டின கையைத் தட்டிவிட்டவன் நான். திரும்பிப் பார்த்தேன், தங்கம் எதிரில் தயிர்சாத வாளியோடு நின்றிருந்தாள். “புள்ளைக்கு மட்டும் குடுத்தா போதுமா, நீங்களும் சாப்புடுங்க” என்றாள். சாப்பிட்டேன். கடைசிவரை இருந்து, இலையை மூடிவிட்டு, எல்லோரோடும் எழுந்தேன். வேட்டியில் ஒரு ஆள் சாதம் இருந்தது.

இலக்கியாவைப் பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டு வந்துவிட்டோம். வழியில் தங்கத்திடம், “நீ இல்லன்னா நான் இல்ல” என்றேன். “பஸ்ஸுல இன்னா பேச்சு இது” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எழுதுவது மட்டும் இன்னும் இடது கைதான். அது பழகிவிட்டது.

5.3.2025, புதன்

நோன்பு தொடங்கிவிட்டது. ஜெய்னப் மங்கலம்பேட்டைக்கு, அம்மா வீட்டுக்குப் போனாள். போகும்போது, “புள்ள பொறந்ததும் போன் போடுங்கண்ணே, ஓரத்துக்கு முடிச்சுப் போட வந்துடுறேன்” என்றாள்.

14.3.2025, வெள்ளி

பெண் குழந்தை. தாயும் நலம், பிள்ளையும் நலம். இதை இரண்டு தடவை எழுதலாம். தாயும் நலம், பிள்ளையும் நலம்.

விடிகாலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தோம். நர்ஸ் வெளியே வந்து, “பழந்துணி வெச்சிருக்கீங்களா? மெத்துன்னு எதாச்சும் குடுங்க” என்றாள். தங்கம் பையிலிருந்து போர்வையை எடுத்தாள். நீட்டப் போனவள் என்னைப் பார்த்தாள். நாலாவது ஓரம் திறந்தே கிடந்தது. ஊசியும் நூலும் ஜெய்னப் குத்தி வைத்த இடத்தில் அப்படியே.

“ரெண்டு நிமிஷம்மா” என்றேன்.

“தாத்தா, கொழந்த வெயிட் பண்ணுது.”

பெஞ்சில் உட்கார்ந்து மடித்துத் தைத்தேன். தாத்தா என்கிறாள், காதில் அதுவே ஓடியது. தையல் கொஞ்சம் கோணல்தான். தங்கத்தின் ரசக்கறைத் துண்டைத் தாண்டி, காக்கியைத் தாண்டி, மூலைக்கு வந்துவிட்டேன். அங்கே நின்றுபோனேன். கடைசி முடிச்சு. மங்கலம்பேட்டையிலிருந்து ஜெய்னப் வர எத்தனை நேரமாகும்?

தங்கம் கையை நீட்டினாள். பாதி வழியில் நிறுத்தி, பின்னால் இழுத்துக்கொண்டாள்.

நூலை நாக்கில் தொட்டேன். ஆள்காட்டி விரலில் சுற்றினேன். உருட்டினேன், நழுவியது. மறுபடி சுற்றினேன். கட்டைவிரலுக்கு அடியில் நூல் உருளுவது தெரிந்தது. மெதுவாக இழுத்தேன்.

முடிச்சு நின்றது.

பல்லால் நூலைக் கடித்து அறுத்து, போர்வையை நர்ஸிடம் கொடுத்தேன்.