உள்ளே ஒன்றும் இருக்கவில்லை, காக்கா

கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றத்துக்கு என்னைத் தோளில் தூக்கிப்போன, கூடப்பிறந்த என் காக்காவுக்கு,

கபுறுக் குழியில் இருக்கும் உங்களுக்கு என் ஸலாம். ஸலாம் சொல்லாமல் தொடங்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். மனம் நிறைந்து சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம்.

உங்கள் அமெரிக்கன் கார் போய்விட்டது. மதினி விற்றுவிட்டார். நீங்கள் மௌத்தான பிறகு அது வளவில் வாகை மரத்துக்குக் கீழேதான் கிடந்தது. பின்சீட்டில் கோழி அடைகாத்தது. கல்முனையில் எத்தனை மாப்பிள்ளைமாரைப் பெண்வீட்டு வாசலில் இறக்கிய சீட் அது! வாங்க வந்தவர் சம்மாந்துறையில் கராஜ் வைத்திருக்கும் ஒரு பாஸ். மட்டக்களப்பில் ஒரு டொக்டர் வீட்டில் கிடந்த அதே மாதிரிக் கார் ஒன்றையும் லொறியில் கட்டி இழுத்து வந்திருந்தார். இரண்டையும் நம் வளவிலேயே கழற்றி ஒன்றாக்கப் போவதாகச் சொன்னார்.

அந்த நாலாவது கியர் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? இல்லாமலா இருக்கும்! ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கைபிடி. "இத இழுத்தா கூடுதல் கியர் விழும். பாதிப் பெற்றோல்ல அக்கரைப்பத்துக்குப் போகலாம்" என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்வீர்கள். இழுத்தால் ஒன்றும் விழாது. தேயிலைத் தோட்டத்துத் துரையிடம் வாங்கிய நாளிலிருந்தே விழவில்லை. தேய்ந்துவிட்டது என்றீர்கள். சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருஷம் ஜப்பான் வான்கள் வந்து உங்கள் கல்யாண ஹயரையெல்லாம் பிடுங்கிக்கொண்டன, பெற்றோலும் ஏறியது. அப்போதுதான் அந்தக் கியரைத் திருத்தியே ஆகவேண்டும் என்று ரபீக் மச்சானின் கராஜில் காரை விட்டீர்கள்.

மாமாவின் மகன். எனக்கென்று சின்ன வயதிலேயே பேசிவைத்தவர். எனக்கு வாப்பா கட்டிய சீதன வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த நேரம் அது.

மூன்றாம் நாள் அவர் கையில் கிரீஸோடு நம் வாசலுக்கு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"மச்சான், கியர்க் கூடு மட்டுந்தான் இரிக்கி. உள்ளுக்கு ஒண்டுமில்ல. கொம்பனியிலயே இப்பிடித்தான் வந்திரிக்கி."

"அமெரிக்காக்காரன் வெறுங்கூட்டப் பூட்டிக் கப்பல்ல அனுப்புவானாடா? என்னப் பேயன் எண்டு நினைச்சியா? எடுத்த சாமான் எங்க?"

அவரைப் பார்த்தா இதைக் கேட்டீர்கள்! கூட வளர்ந்தவர், காக்கா. உங்களோடு ஒரே சஹன் தட்டில் சோறு தின்றவர். கண்ணால் காணாத ஒரு வெள்ளைக்காரன் களவெடுக்க மாட்டான், நம்முடைய ஆள்தான் எடுப்பான். இதை உங்களுக்கு யார் சொல்லித் தந்தது?

அதோடு விட்டீர்களா? வழக்கைப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோனீர்கள். பள்ளி நிர்வாகம் பார்க்கும் மரைக்கார்மாரைக் கூட்டி, கை கால் கழுவி வுழுச் செய்துவிட்டுக் குர்ஆனில் கை வைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னீர்கள். அவர் மறுத்துவிட்டார்.

"ஒரு இரும்புத் துண்டுக்காக நான் குர்ஆனத் தொட மாட்டன். எண்ட சொல்லு போதாதெண்டா, உங்கட தங்கச்சிய எனக்கு எத நம்பித் தருவீங்க?"

சத்தியத்துக்குப் பயந்தவன் கள்ளன்தான் என்று அன்றைக்கே ஊர் முடித்துவிட்டது. பனைமரத்துக்குக் கீழே நின்று பால் குடித்தாலும் கள் என்கிற ஊர். கராஜுக்கு ஒரு சைக்கிள்கூடத் திருத்த வரவில்லை. அவர் சவூதிக்குப் போய்ச்சேர்ந்தார். எனக்கு வந்த கல்யாணப் பேச்சுகளோ, "கள்ளனுக்குப் பேசின புள்ளையா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போயின. நம் வளவிலேயே வாப்பா கட்டிய வீட்டில் நான் தனியாகத் தையல் மெசினை மிதித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் மட்டும் பெருநாளைக்குப் பெருநாள் எனக்குப் புடவை கொண்டுவருவீர்கள். ஒன்றையும் நான் உடுத்தவில்லை. அதையாவது கவனித்தீர்களா?

இனி, போன கிழமை நடந்ததைக் கேளுங்கள். சம்மாந்துறைப் பாஸ் முதலில் டொக்டரின் காருக்குக் கீழே படுத்தார். கொஞ்ச நேரத்தில் சத்தமாகச் சிரித்தார். நான் அடுப்பை விட்டுவிட்டுக் குசினியிலிருந்து ஓடிப்போனேன்.

"என்ன பாஸ்?"

"இஞ்ச பாருங்க ராத்தா. ஆணியெல்லாம் கொம்பனிப் பெயிண்டோட அப்பிடியே இரிந்திச்சி, இண்டைக்குத்தான் நான் உடைச்சன். கூடுதல் கியருக்குச் செஞ்ச கூடு. உள்ளுக்குக் காத்துத்தான்!"

பிறகு நம் காரையும் கழற்றிக் காட்டினார். அதே கூடு, அதே வெறுமை. பெரிய உலகச் சண்டை முடிந்த கையோடு அமெரிக்காவில் சாமான் தட்டுப்பாடாம். கூடுதல் காசு கொடுத்தவனுக்கு உள்ளே கியர் வைத்துக் கொடுப்பார்களாம். கொடுக்காதவனுக்கு வேறு கூடு. அது முடிந்துபோனால், மிச்சம் கிடந்த இந்தக் கூட்டையே வெறுமையாகப் பூட்டி, மிச்சம் கிடந்த கைபிடியையும் சொருகி அனுப்பிவிடுவார்களாம். "அவனுக்குச் சாமான் முடியோணும், அவ்வளவுதான்" என்றார் பாஸ். அவர் சிரிக்கச் சிரிக்க நான் அந்தக் கூட்டைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

அங்கே யாரோ மிச்சச் சாமானை முடித்தான். இங்கே நீங்கள் எங்கள் இரண்டு பேரையும் முடித்தீர்கள்.

உங்கள் ஜனாஸாவை அடக்கக் கொண்டுபோகுமுன் வளவில் வைத்திருந்தபோது, "மையத்து யாருக்கும் அநியாயம் செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்க" என்று கேட்டார்கள். பொறுத்தோம் பொறுத்தோம் என்று எல்லோரும் சொன்னார்கள். உள்ளே இருந்த எனக்கும் கேட்டது. பொறுக்க வேண்டியவர் சவூதியில் எந்த லொறிக்குக் கீழே கிடந்தாரோ!

நேற்று ரபீக் மச்சானைப் பெற்ற மாமியிடம் போனேன். இத்தனை வருஷமாக நம் வாசலைத் திரும்பிப் பாராமல் போகும் மாமி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெற்றிலையை மடியில் வைத்தார். "எண்ட புள்ள இனி வரமாட்டான் மகள். அவனுக்கு அங்க பொண்டாட்டி புள்ள இரிக்கி. நான் கண்ண மூடுறத்துக்குள்ள ஒண்டு கேக்கணும். பள்ளியில வெச்சிக் கள்ளன் எண்டாங்க. பள்ளியில வெச்சே இல்லையெண்டு சொல்லட்டும்."

அவருக்குக் குடும்பம் இருப்பது எனக்கு நேற்றுத்தான் தெரியும். ஓம் மாமி என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் அழுதேன். யாருக்காக என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நம் காரின் கூட்டைப் பாஸிடம் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எல்லோரும் வெளியே வரும் நேரம் அதைப் பள்ளி வாசலில் வைப்பேன். டொக்டர் காரின் கூட்டைத் திறந்த பாஸும் சாட்சி சொல்ல வருவார். பெண்பிள்ளை என்று உள்ளே விடமாட்டார்கள், விடவேண்டாம். ரபீக் எடுக்கவில்லை என்று மரைக்கார் வாயால் சொல்லும்வரை நான் அசையப்போவதில்லை. களவு சாட்டியது யார் என்று கேட்டால் உங்கள் பெயரைத்தான் சொல்வேன். அதற்குப் பிறகு உங்களுக்காகத் துஆக் கேட்பேன், காக்கா. அதுவரைக்கும் மாட்டேன்.

இப்படிக்கு,
ரபீக்குக்கென்று பேசிவைத்திருந்த
உங்கள் தங்கச்சி