கபிலனுக்கு வைக்காத பிண்டம்

தையல் மேசையின் மறுபுறத்தில் இன்னும் அமர்ந்திருப்பதாகவே நான் எண்ணும் என் புவனா அக்காவுக்கு,

உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியை கோலா சிலாங்கூர் கடற்கரையில் நடந்தேறியது. நடந்தேறியது என்று எழுதிவிட்டேன். ஆனால் அங்கே நிகழ்ந்ததை உங்களிடம் சொல்லி முடிக்காமல் என் கை ஒரு வேலையிலும் நிலைக்கவில்லை. நேற்று ஒரு ரவிக்கையின் கைப்பகுதியைத் தவறாக வெட்டிவிட்டேன். நானா இப்படி வெட்டினேன், அக்கா?

இதை வாசிக்கும் பிறருக்காகச் சிலவற்றைச் சொல்ல அனுமதியுங்கள். வன்னியில் போர் முடிந்த நாட்களில், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று இராணுவத்தினர் அறிவித்ததை நம்பி, மகன் கபிலனை நீங்களே கையைப் பிடித்து அழைத்துச் சென்று ஒப்படைத்தீர்கள். பேருந்தில் ஏற்றப்பட்டவன் திரும்பவில்லை. பிறகு சிறுமியாயிருந்த மகள் யாழினியோடு மலேசியாவின் பத்தாங் காலிக்கு வந்து, என் தையல் கடையில் எனக்குத் துணையானீர்கள். ஆண்டுதோறும் பொங்கலுக்குக் கபிலனுக்கு ஒரு சட்டை தைத்தீர்கள். இளைத்திருக்கிறானோ, பெருத்திருக்கிறானோ என்று தெரியாததால், பக்கத் தையலுக்குள் தாராளமாகத் துணி விட்டே தைத்தீர்கள்.

ரப்பர்த் தோட்டப் பள்ளியோடு என் படிப்பு நின்றது. ஆயினும் நூலகத்தில் நானே தேடிப் படித்தவள் என்ற பெருமிதம் எனக்கு உண்டு. அதை மறைப்பதும் இல்லை. சமாதான முயற்சிகள் எந்த ஒழுங்கில் நடைபெறும் என்று ஒருநாள் உங்களுக்கு விளக்கினேன். முதலில் போர்நிறுத்தம், அடுத்துப் பேச்சுவார்த்தை, ஆயுதக் களைவு, மீள்குடியேற்றம். காணாமற்போனோர் பற்றிய விசாரணை நிறைவாக வரும் என்றேன். நீங்கள் ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டீர்கள்.

“கடைசியா வாறதை முதல்ல வைச்சா என்ன குறைஞ்சு போகும், தங்கச்சி?”

எந்த நூலிலும் அதற்கு நேரான விடையை நான் காணவில்லை. கடைசியில் வைக்கப்பட்டது பெரும்பாலும் வந்து சேர்வதே இல்லை என்பதை மட்டும் அறிந்துகொண்டேன்.

மருத்துவமனைக் கட்டிலில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டீர்கள். இறந்தவர்களின் பெயர்களோடு கபிலன் பெயரைச் சேர்க்க எவரையும் விடக்கூடாது. நான் வாக்குக் கொடுத்தேன்.

கடற்கரைக்குப் போகும் வழியில், செம்பனைத் தோட்டங்களைப் பார்த்தபடியே யாழினி என்னோடு வழக்காடினாள். அண்ணனுக்கும் இன்றே செய்துவிட வேண்டும் என்றாள். உங்கள் விருப்பத்தை நினைவூட்டினேன்.

“அம்மா காத்திருந்தே போயிட்டா, அன்ரி. அவன் இல்லையெண்டு அழக்கூட விடேல்ல. நானும் கிழவியாகுமட்டும் வாசலைப் பாத்துக்கொண்டு இருக்கோணுமோ?”

அவளுக்கும் நியாயம் இருந்தது, அக்கா. மறைந்த தாய்க்குத் தந்த வாக்கா, உயிரோடிருக்கும் மகளின் ஆறுதலா? கடல் கண்ணுக்குத் தெரிந்தபோதும் நான் எதையும் தீர்மானித்திருக்கவில்லை.

யாழினியே தர்ப்பை அணிந்து அமர்ந்தாள். ஐயர் உங்கள் பெயரைச் சொன்னார், முன்பே மறைந்த உங்கள் கணவர் பெயரைச் சொன்னார். வேறு யாரேனும் உண்டா என்று கேட்டார். யாழினி என்னைப் பார்த்தாள். ஐயர் நம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், இரக்கமுள்ளவர். விவரத்தைக் கேட்டு அறிந்ததும் ஒரு வழி சொன்னார்.

“பேரு சொல்ல வேணாம்மா. போன வழி தெரியாதவங்களுக்குன்னு பொதுவா ஒரு பிண்டம் வச்சிரலாம்லா. அம்மா சொன்னதும் மீறல, உனக்கும் மனசு ஆறும்.”

எவ்வளவு நேர்த்தியான சொற்கள்! இரு தரப்பினரும் தத்தமக்கு ஏற்றபடி பொருள் கொண்டு கையொப்பமிடத்தக்க வாசகம். அப்படிப்பட்ட வாசகங்களை உடன்படிக்கைகளில் படித்து நான் வியந்ததுண்டு. சரி என்று சொல்லவே வாயெடுத்தேன்.

யாழினி கையிலிருந்த எள்ளைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

“பொதுவா வேண்டாம், ஐயா. எல்லாரும் எங்களுக்குப் பொதுவாத்தான் சொன்னவை. அண்ணாவை ஆர் கூட்டிக்கொண்டு போனவை எண்டு தெரியும். கூட்டிக்கொண்டு போனவை வாய் திறந்து சொல்லட்டும். அதுக்குப் பிறகு நான் பேர் சொல்லியே வைக்கிறன்.”

ஐயர் எள்ளுத் தட்டை ஒதுக்கி வைத்தார். உங்கள் அஸ்தியும் உங்கள் இருவரின் பிண்டங்களும் மட்டும் அலையில் கலந்தன.

நான் கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டது. ஆனால் காப்பாற்றியவள் நானல்ல. இறக்கி வைக்க வந்த சுமையைத் தானே மீண்டும் தூக்கிக்கொண்டாள் உங்கள் மகள். வீடு திரும்பும்வரை என் தோளில் சாய்ந்து அழுதாள். இதைத்தான் நீங்கள் விரும்பினீர்களா? அவளுக்கு எப்போது விடிவு?

இந்த வாரம் தொலைக்காட்சியில் மறுபடியும் ஓர் உடன்படிக்கை. வேறு நாடு, வேறு தலைவர்கள், அதே கைகுலுக்கல். பாவாடைக்கு அளவு கொடுக்க வந்த பெண், “சண்டை நின்னுருச்சாம்லா, இனி பிரச்சினை இல்ல” என்றார். அந்த உடன்படிக்கை மேசையில் தாய்மார் எவரேனும் அமர்ந்திருந்தார்களா என்று கேட்டேன். அவர் அளவு நாடாவைப் பார்த்தாரே தவிர என்னைப் பார்க்கவில்லை. இனி கடைக்கு வருவாரோ என்னவோ.

அக்கா, வரும் பொங்கலுக்கு உரிய சட்டையை நான் வெட்டுகிறேன். நீலக்கோடு போட்ட துணி, யாழினி தேர்ந்தெடுத்தாள். நீங்கள் விடும் அளவுக்கே பக்கத் தையலுக்குள் துணி விடுவேன். கபிலனுக்கு என்ன நேர்ந்தது என்பதை உரியவர்கள் பெயர் சொல்லி, இடம் சொல்லி அறிவிக்கும்வரை, ஆண்டுதோறும் விடுவேன். அவர்கள் சொல்லும் நாளில் யாழினியின் அருகில் நான் அமர்ந்திருப்பேன்.

உங்கள் உடன்பிறந்தவளாக வாய்க்காவிடினும் உங்கள் தங்கச்சியாகவே வாழும்,
மங்களம்
பத்தாங் காலி