வெள்ளை மாடி

மாமல்லபுரம்

அன்புள்ள மகளுக்கு,

“ஏசி இல்லாத வீட்டுக்கு எப்படி மாமா தலைப்பிரசவத்துக்கு அனுப்புறது?” என்று உன் கணவர் உன் அம்மாவின் எதிரிலேயே கேட்டார். நான் பதில் சொல்லுமுன் அவர் அனுப்பிய ஏசி வாசலில் வந்து இறங்கியது. திருப்பி அனுப்பிவிட்டேன். கோபம் மட்டும் காரணமல்ல. ஏசியின் அனல் கக்கும் வெளிப்பெட்டியை மாட்டக்கூடிய ஒரே சுவர், பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவின் ஜன்னலைப் பார்த்தபடி இருக்கிறது. உன் குழந்தை குளிர்ச்சியாக உறங்குவதற்காக அவள் பேரன் அனலில் கிடப்பதை என்னால் ஏற்க இயலாது.

ஆகவே மொட்டை மாடித் தளம் முழுவதும் வெயிலைத் திருப்பும் வெள்ளை ஓடு பதித்தேன். கடற்காற்று நுழைய உன் அறையின் கிழக்கு ஜன்னலைப் பெரிதாக்கினேன்.

“இன்னா சார், மாடிக்குப் பவுடர் பூசிகினு கீறே? பாப்பா வருதா?” என்றாள் கன்னியம்மா. அவளுக்கு நீ இன்னும் பாப்பாதான்.

நேற்று உச்சி வெயிலில் உன் அம்மா உன் அறைக்குள் ஏணி போட்டு ஏறி, கூரையின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தாள். சுடவில்லை போலும், கையை வெகுநேரம் எடுக்கவில்லை. இறங்கி வந்ததும் தூளி கட்டப் பழைய புடவை ஒன்றைத் துவைத்துப் போட்டாள்.

என் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆயினும் உன் கணவரையும் அழைத்து வா. பிற்பகலில் அந்த அறையில் படுத்து எழுந்த பிறகு, அவரே உன்னை இங்கே விட்டுச் செல்லட்டும்.

வழி பார்த்திருக்கும்,
உன் அப்பா