அரையடி கீழ்மடிப்பு

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், என் கழுத்து வலியும் எங்களோடு சேர்ந்து நன்றாகவே இருக்கிறது, நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று முழிக்காதே. நான் ஒரு விஷயத்துக்கு வருவதற்குள் உனக்கு இன்னொரு போன் வந்துவிடுகிறது. இதை நடுவில் நிறுத்தாமல் சொல்ல வேண்டும், அதனால்தான் திரைச்சீலைப் பார்சலுக்குள்ளேயே மடித்து வைக்கிறேன்.

நீ அனுப்பிய வீட்டுப் படங்களை இருவரும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். சமையலறை அலமாரிக்குக் கதவே இல்லை, தச்சர் பாதி வேலையில் ஓடிவிட்டாரா என்று அப்பா கேட்டார். ஹாலில் ஒரு சுவர் சிமெண்ட் பூசியபடியே நிற்கிறது, அதை அப்படி ஆக்குவதற்கே ஒரு ஆள் வந்து மூன்று நாள் வேலை செய்தார் என்று நீ சொன்னதை அவர் இன்னும் நம்பவில்லை. டியூப் லைட் மருந்துக்குக்கூட இல்லை, மூலைக்கு மூலை மஞ்சள் விளக்கு. சோபா இருக்க வேண்டிய இடத்தில் என் உயரத்துக்கு ஒரு செடி, வருகிறவர்கள் செடி மேலேயா உட்கார்வார்கள் என்று அதற்கும் ஒரு கேள்வி. நான் உன் பக்கம்தான் பேசினேன். என்னிடம் திரை தைக்கக் கொடுக்க வருகிற உன் வயதுப் பிள்ளைகள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிவிட்டது. போன வாரம் ஒரு பல் டாக்டர் பெண் வெள்ளைத் துணி கேட்டாள், ஏழு வெள்ளை எடுத்துப் போட்டேன், ஏழையும் தள்ளிவிட்டு எட்டாவது வெள்ளை இருக்கிறதா என்றாள். இன்னொரு ஜோடி, திரை தரையில் மூன்று அங்குலம் புரள வேண்டும் என்றார்கள், வீடு பெருக்கவா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன், நல்லவேளை சிரித்தார்கள். தைத்து மாட்டிப் பார்த்தால், பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. பூப்போட்ட திரை, பூப்போட்ட மெத்தை உறை, டிவிக்கும் ஒரு பூப்போட்ட உறை என்று உன்னை ஒரு தோட்டத்துக்குள் போட்டு வளர்த்திருக்கிறேன், நீ வெறும் சுவரைப் பார்த்து மூச்சுவிட ஆசைப்பட்டதில் தப்பே இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று ஜன்னலுக்கும் அளவை அரை அங்குலம் பிசகாமல் எழுதி, கீழே அரையடி மடிப்பு வேண்டாம் அம்மா, சரியான அளவுக்கே வெட்டிவிடு என்று எழுதியிருந்தாய். கம்பியைச் சீலிங்கிலேயே துளை போட்டு மாட்டியாகிவிட்டது என்றும் எழுதியிருந்தாய். முப்பது வருஷமாக யாருக்குத் தைத்தாலும் நான் கீழே அரையடி மடித்துத்தான் தைப்பேன், உனக்குத் தெரியாததா. நாம் ஏழு வாடகை வீடு மாறினோம், ஏழு வீட்டு ஜன்னலுக்கும் அதே திரையைத்தான் ஏற்றியும் இறக்கியும் மாட்டினேன், பழைய தையலைப் பிரிக்கிற வேலை உன்னுடையதாக இருந்தது. அடுத்துப் போகப்போகிற வீட்டுக்காகத்தான் அந்த மடிப்பு. அது வேண்டாம் என்கிறவள், வாடகைக்கு இருக்கிறவர்கள் கை வைக்கவே பயப்படுகிற சீலிங்கில் துளை போட்டவள், அந்த வீட்டை விட்டு எங்கும் போகப்போவதில்லை. வாங்கிவிட்டாய், இல்லையா? புது வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னாய், சொந்தமா என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. இன்னும் இரண்டே வருஷம், திரும்பி வந்துவிடுவேன் என்று நீ ஒவ்வொரு வருஷமும் சொல்வாய், நானும் கேட்கிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் கோபம்தான். துணியை மேசையில் விரித்துவிட்டு, கத்தரிக்கோலைத் தொடாமல் மூன்று நாள் அதையே சுற்றிச் சுற்றி வந்தேன். நாலாம் நாள் உட்கார்ந்தபோது கை தன்பாட்டுக்கு அரையடி கூட்டியே வெட்டியிருக்கிறது, ஹால் திரையை முழுவதும் தைத்து முடித்த பிறகுதான் கவனித்தேன். பழக்கதோஷம் என்று சொல்லி அப்படியே அனுப்பிவிட்டால் என்ன, அந்த மடிப்பாவது இருக்கட்டுமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அப்போதுதான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்த மடிப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, "அவ ரூம்ல மெஷினப் போட்டுக்கோயேன். எத்தன நாளைக்குத்தான் இந்த ஹால் இருட்டுல கழுத்த ஒடிச்சுக்கிட்டு உக்காந்திருப்ப" என்றார். நீ வருகிறவரை அந்த அறை அப்படியே இருக்க வேண்டும் என்று ஒரு நாற்காலியைக்கூட உள்ளே விடாமல் பிடிவாதம் பிடித்தது நான்தான், அவர் இல்லை. அன்றைக்கே இருவருமாக மெஷினை இழுத்துப் போட்டோம், அவர் தள்ளிய தள்ளலில் கதவு நிலையில் பெயின்ட் போய்விட்டது, கேட்டால் நான் இழுத்ததில் போனது என்பார். உன் ஜன்னல் ஓரம் நல்ல வெளிச்சம். அங்கே உட்கார்ந்துதான் மடிப்பைப் பிரித்து, மிச்சத்தை வெட்டி எறிந்து, நீ சொன்ன அளவுக்கு மூன்றையும் தைத்தேன். கொஞ்சம் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் சொல்லப் பயந்து இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தாயே, அதை நினைத்தால்தான் தாங்கவில்லை. என் பெண் தன் சம்பாத்தியத்தில் ஒரு வீடு வாங்கித் தன் மனசுபோல வைத்திருக்கிறாள் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அவர்கள் காதைப் புளிக்க வைத்திருக்க மாட்டேனா? இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

திரைகளைப் பச்சைத் தண்ணீரில் மட்டும் அலசு, சுடுதண்ணீர் பட்டால் சுருங்கும், இறக்கிவிடக் கீழே இனி ஒன்றும் இல்லை. பார்சலில் நீ கேட்காத நாலாவது திரை ஒன்றும் இருக்கும். படத்தில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிற சின்ன அறை இருக்கிறதே, அதன் ஜன்னலுக்கு. அதற்கு நீ அளவு அனுப்பவில்லை, அதனால் தாராளமாக நீளம் விட்டு, கீழே தைக்காமலே வைத்திருக்கிறேன். தரையில் புரளும், புரளட்டும். நீ அதை வெட்டவும் வேண்டாம், வெளியே தைக்கக் கொடுக்கவும் வேண்டாம். அப்பா லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார், செடி ஓரமாக ஒரு நாற்காலி போட்டால் தனக்கு அது போதுமாம்.

நீயும் உன் வீடும் நோய் நொடி இல்லாமல் பல காலம் நன்றாக இருக்க வேண்டும். நாங்கள் வருவதற்குள் அந்தப் பெட்டிகளை மட்டும் ஒதுக்கி வை. முகத்தில் வெளிச்சம் அடித்தால் எனக்குத் தூக்கம் வராது, ஊசி நூலோடு வந்து அந்தத் திரையை நானே மடித்துத் தைத்துக்கொள்கிறேன்.

முத்தங்களுடன்,
உன் அம்மா