ஒதுங்கிக் கொடுத்த இடம்

விருத்தாசலம்
14 ஜூன் 1992

அன்புள்ள சிப்போராவுக்கு,

நலம் விசாரிப்பதற்கு முன்னால், சூளையில் ஜாடிகள் உடைந்த அன்றைக்கு என் வீட்டுக்காரரிடம் நான் சொல்லாமல் விட்டவற்றை எழுதிவிடுகிறேன். ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று சொல்லவில்லை. உடைந்தால் என்ன, ஓட்டுச் சில்லிலும் ஒளி இருக்கிறது என்று உன் கடிதத்தில் இருந்ததை எடுத்துச் சொல்லவில்லை. ‘போகாதீங்க’ என்றும் சொல்லவில்லை. முதலாவதை விழுங்குவதுதான் கஷ்டம் என்று நினைப்பாய். இல்லை.

இங்கே எல்லோரும் நலம். நீயும் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருக்க விருத்தகிரீஸ்வரரிடம் வேண்டிக்கொண்டேன். நீ தவறாக நினைக்க மாட்டாய் என்று தெரியும். போன மாதம் நெய்வேலிக்குப் போயிருந்தேன். நாட்டை விட்டுப் போகும்முன் நீங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸில் இப்போது ஒரு தெலுங்குக் குடும்பம் இருக்கிறது. உன் அப்பா வைத்த கொய்யா நன்றாகக் காய்க்கிறது என்று அவரிடம் சொல்.

உன் கடிதங்களின் மேல் என் மாமியாருக்கு ஒரு கண். தபால்தலையில் இருந்த புரியாத வெளிநாட்டு எழுத்தைப் பார்த்துவிட்டு, ‘ஏம்மா, வேதத்துல சேந்துட்டியா?’ என்று கேட்டார்கள். இல்லை அத்தை, என் சிநேகிதியுடைய ஆட்கள் வேதக்காரர்களுக்கும், அதாவது கிறிஸ்தவர்களுக்கும் முந்தியவர்கள், யூதர்கள் என்றேன். ‘அப்ப நம்மள மாதிரி பழைய ஆளுங்கன்னு சொல்லு’ என்று சமாதானமாகிவிட்டார்கள். உங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றுவார்கள் என்று சொன்ன பிறகு உன்மேல் மரியாதையே வந்துவிட்டது.

தை மாதம் நீ எழுதிய கடிதத்தை இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊர்ப் பெண்கள் கூடிப் படிக்கும் வகுப்பில் கேட்டதை எனக்காகத் தமிழில் எழுதியிருந்தாய். உலகத்தைப் படைப்பதற்கு முன் எங்கும் கடவுளே நிறைந்திருந்தார், வேறெதற்கும் இடமில்லை. அதனால் அவர் தம்மைச் சுருக்கிக்கொண்டு ஒதுங்கினார். அவர் விட்ட வெற்றிடத்தில்தான் உலகம் உண்டாயிற்று. அதற்கு த்ஸிம்த்ஸும் என்று பெயர். பிறகு அந்த இடத்துக்குள் அவர் அனுப்பிய ஒளியைத் தாங்க முடியாமல் பாத்திரங்கள் உடைந்தன. ஒளிப்பொறிகள் சில்லுகளோடு எங்கும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைக் கண்டெடுத்து உயர்த்துவதே மனிதனுக்குக் கொடுத்த வேலை. நாற்பது வயதுக்கு முன் இதையெல்லாம் தொடக்கூடாது என்று உங்கள் பெரியவர்கள் சொல்வார்கள், நாம் வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறோம், அவ்வளவுதான் என்று எச்சரித்தும் இருந்தாய்.

பீங்கான் சுடுகிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கு இதில் எது பிடித்திருக்கும்? உடைந்த பாத்திரங்கள்தான். பட்டறையில் ஒரு ஜாடி விரிசல் விட்டாலும் அதன் பொறியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு நாள், ‘எல்லாத்துக்கும் ஒங்கிட்ட ஒரு புஸ்தகம் இருக்குது கனகா. லாரியில ஏத்தறதுக்குத்தான் ஜாடி இல்ல’ என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். கடவுள் ஒதுங்கிய பகுதியை மட்டும், முன்னுரை போலத் தாண்டிப் போயிருந்தேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். அவரும் தொழிலில் பங்காளியான தர்மராஜ் அண்ணனும் செராமிக் பேட்டையில் ஊறுகாய் ஜாடி செய்வது உனக்குத் தெரியும். மாங்காய் சீசனை நம்பித்தான் எங்கள் வருஷமே ஓடுகிறது. நெருப்பை அணைத்த பிறகு சூளையின் வாயைச் செங்கல்லும் மண்ணுமாக அடைத்தபடியே வைத்திருந்து, உள்ளே சூடு முழுக்கத் தணிந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். இந்த முறை சிதம்பரத்து வியாபாரியின் லாரி முன்னதாகவே வந்து நின்றுவிட்டது. இன்றைக்கு ஏற்றாவிட்டால் வேறு இடத்தில் எடுத்துக்கொள்வோம் என்று டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். ‘நாளைக்கு வரைக்கும் ஆறட்டுங்க’ என்று நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

அவருடைய அவசரத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கும் சனாவுல்லா பாய், வளைகுடாவில், தம்மாமில் தன் தம்பி வேலை செய்யும் கம்பெனியில் என் வீட்டுக்காரருக்கு விசா பேசியிருந்தார். இந்தச் சூளை நன்றாக வந்தால் இங்கேயே இருப்பது, இல்லையென்றால் போய்விடுவது என்று அவர் மனத்துக்குள் வைத்திருந்தார். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். யாரும் வாய்விட்டுப் பேசவில்லை.

செங்கல்லைப் பிரித்ததும் வெளிக்காற்று உள்ளே புகுந்தது. சின்ன வெண்கல மணியைச் சுண்டியது போல ஒரு சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. ஜாடிகள் ஒவ்வொன்றாக விரிசல் விட்டுக்கொண்டிருந்தன. வாயைத் திரும்ப அடைத்துப் பார்த்தார்கள், பயனில்லை. இனி இருக்காது என்று மூச்சு விடும்போது அடுத்தது கேட்கும். ஹாரன் அடித்தவன்கூடக் கையை எடுத்துவிட்டான்.

தர்மராஜ் அண்ணன், ‘படிச்ச பொண்டாட்டி சொன்னா கேக்கணும்யா’ என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் அதில் பாதி போயிற்று. அப்போது என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். என் கண்களைப் பார்க்கவில்லை, வாயைத்தான் பார்த்தார்.

நான் சொன்னது சரிதான், சிப்போரா. ஆனால் அந்தச் சரி அங்கே எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது என்பதை அந்தப் பார்வையில்தான் கண்டேன். அவர் நிற்கக்கூட இடமில்லை.

லாரி காலியாகப் போயிற்று. தர்மராஜ் அண்ணனும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். என் வீட்டுக்காரர் சூளைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். நான் கொஞ்சம் தள்ளி, களிமண் மூட்டைமேல் உட்கார்ந்தேன். எனக்குள் வாக்கியங்கள் வந்துகொண்டே இருந்தன. ஆறுதலான, அழகான வாக்கியங்கள், பாதி உன்னுடையவை. உடைந்த ஜாடியை அரைத்துப் புது மண்ணோடு கலந்தால் அடுத்த முறை மண் அவ்வளவு சுருங்காது என்பது அவருக்குத் தெரியாதா? அதைக்கூட உவமையாக்கி நாக்கின் நுனியில் வைத்திருந்தேன். ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்தபோது அதில் அவர் இல்லை. அழகாகப் பேசும் நான்தான் இருந்தேன். ஒவ்வொன்றாக விட்டேன். குத்திக் காட்டும் சொல்லை விடுவதைவிட இதுதான் கஷ்டமாக இருந்தது. நான் தாண்டிப் போயிருந்த, கடவுள் ஒதுங்கிய அந்த முதல் பகுதி, அந்த மூட்டைமேல் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. எல்லாவற்றையும் நிரப்பத் தெரிந்தவர், நிரப்பாமல் இருந்தார். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

வெயில் சாயும் நேரத்தில் அவர் வாயைத் திறந்தார். ‘நீ சொல்லுவேன்னு காத்துக்கிட்டு இருந்தேன். சொல்லியிருந்தா எழுந்து நேரா பாய் கடைக்குப் போயிருப்பேன்’ என்றார். அவர் பேசிக்கொண்டே போனார். ஒவ்வொரு முறை சூளை மூட்டும்போதும் இது தேறாது என்றே பயந்துகொண்டிருப்பாராம். கல்யாணமானதிலிருந்து என் முன்னால் எதையும் யோசித்து யோசித்துத்தான் பேசுவாராம். தம்மாம் போக நினைத்தது சம்பாதிக்க மட்டும் இல்லையாம். ‘யாரும் பாக்காத எடத்துல கொஞ்ச நாள் தப்பு பண்ணிப் பழகணும்னு இருக்குது கனகா’ என்றார்.

அப்போதுதான் மூன்றாவதை, ‘போகாதீங்க’ என்பதைச் சொல்லாமல் விட்டேன். அழுகையை மட்டும் விட முடியவில்லை.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பேசுகிறார். சின்ன வயதில் வெள்ளாற்றில் நீந்தியது, சுப்பையா வாத்தியாரிடம் வாங்கிய அடி, கருவேப்பிலங்குறிச்சி அத்தை வீட்டு மாடு என்று என்னென்னவோ. என் மாமியார், ‘என்னடா, ரேடியோவ முழுங்கிட்டியா?’ என்று கேட்கிறார்கள். நேற்று அவராகவே, உன் சிநேகிதி என்னதான் எழுதுகிறாள் என்று கேட்டார். சுருக்கமாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, ‘அதான் அன்னைக்கு மூட்ட மேல உக்காந்துருந்தியா’ என்றார்.

பாய்க்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்குள் ஏதோ நகர்ந்திருக்கிறது. கோயிலில் நின்றால் முன்பெல்லாம் வேண்டுதல்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவேன். இறைவன் ஏதாவது சொல்ல நினைத்திருந்தால்கூட இடம் கிடைத்திருக்காது. இப்போது சும்மா நிற்கிறேன். திரும்பி வரும்போது மனம் லேசாக இருக்கிறது. எந்த மதத்தின் வாசலையும் தாண்டாமல், இருந்த இடத்திலேயே இது நடந்தது. அதற்கு உனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். பாலைவனத்து ஓரத்தில் கோழிப் பண்ணை வேலையெல்லாம் முடித்துவிட்டு, மலையாளம் கலந்த உன் தமிழில் எனக்காக உட்கார்ந்து எழுதினாயே, அந்த நேரத்துக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

நான் புரிந்துகொண்டது தவறென்றால் தவறென்றே எழுது. இன்னும் ஒன்று மட்டும் உன் வகுப்பில் கேட்டுச் சொல்ல வேண்டும். தம்மைச் சுருக்கிக்கொண்டு ஒதுங்கிய பிறகு, தாமே விட்ட அந்த வெற்றிடத்தைப் பார்த்தபோது கடவுளுக்கு எப்படி இருந்தது? அதைப் பற்றி எங்காவது சொல்லியிருக்கிறதா?

அங்கே உன் வீட்டு விளக்கும் இங்கே என் வீட்டு விளக்கும் காற்றில் அணையாமல் எரியட்டும். அவரவர் இடத்தில் எல்லோரும் சுகமாக இருக்கட்டும்.

என்றும் நன்றி மறவாத,
கனகா

பி.கு. 9 ஆகஸ்ட். அத்தைக்கு டைஃபாய்டு வந்ததில் இந்தக் கடிதம் தபாலில் சேராமல் வீட்டிலேயே இருந்துவிட்டது. ஆடி பிறப்பதற்கு முன் என் வீட்டுக்காரர் தம்மாமுக்குப் போய்விட்டார். நேற்று அவரிடமிருந்து முதல் கடிதம் வந்தது. எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார்.