உபதேசியார் வாசித்த பட்டியல்

என் உயிர் அய்யாவுக்கு,

கீரனூர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஆர்டர் வந்த அன்று நீங்கள் இருந்திருந்தால் தெரு முழுக்க வீடு வீடாய்ப் போய்ச் சொல்லியிருப்பீர்கள். நீங்கள் இல்லாததால் நானே போய்ச் சொன்னேன். கொஞ்சம் அதிகப்படியாகவே பீற்றிக்கொண்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நம் மாதா கோயிலில் இப்போது பாதித் தரை காலி. நம் சாதியில் இந்துவாய் இருந்தால்தான் படிப்புச் சலுகை என்று சர்க்கார் சொன்னதிலிருந்து ஒவ்வொரு வீடாகப் பள்ளிக்கூடத்தில் ‘இந்து’ என்று எழுதிக் கொடுத்தது உங்களுக்குத் தெரியும். எழுதியவர்கள் வெட்கப்பட்டுப் பூசைக்கு வருவதை நிறுத்தினார்கள். கோயிலில் செபமும் பாட்டும் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரான உங்களைக் கண்டால் சந்து வழியாக நழுவினார்கள்.

பிறகு நம் வீட்டு முறை வந்தது. நான் எட்டாவது தேறியிருந்தேன். டீச்சர் டிரெயினிங் படிக்க ஹாஸ்டல் வேண்டும். “நீ என்னத்தா சொல்றே?” என்று என்னையே கேட்டீர்கள். படிக்க வேண்டும் என்றேன்.

சாதிச் சான்று வாங்கப் போன தாலுகா ஆபீசில் ‘இந்து’ என்று சொன்னது நீங்கள்தான். அதிகாரி கையெழுத்துப் போட்டதும் சந்தோஷத்தில் நான் சிலுவை போட்டுவிட்டேன்! அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“புள்ளைக்குப் பழக்கமுங்க,” என்றீர்கள். “மாதாவைக் கும்புட்டாலும் எங்க தெரு அதே தெருதானுங்க. டீக்கடையில தனிக் கிளாசு, கோயில்லயும் தனி எடம். நீங்க ரோசிச்சுச் செய்யுங்க.” அவர் தாளை உங்களிடம் நீட்டினார்.

அடுத்த ஞாயிறு, விலகிப்போனவர்கள் பட்டியலைப் பூசையில் வாசிக்கச் சொன்னார் பங்குச் சாமியார். முதலில் என் பெயரை வாசித்தீர்கள். குரல் இறங்கவில்லை. வாசித்து முடித்து, “எழுதிக் குடுத்தது நாந்தான் சாமி. இவுக பூசைக்கு வரலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க,” என்றீர்கள். சாமியார் பீடத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். உபதேசியார் வேலைதான் போனது. ஆனாலும் அடுத்த வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு பூசைக்குப் போய்க் கடைசியில் உட்கார்ந்தீர்கள். அன்று எனக்கு இருந்த பெருமிதம் இன்னும் குறையவில்லை.

சிலர் திரும்பி வந்தார்கள். பலர் வரவில்லை, விராலிமலைக்குக் காவடி எடுக்கிறார்கள். அது உங்களுக்கு வலித்ததா அய்யா? நான் ஒருநாளும் கேட்கவில்லையே.

ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் சவப்பெட்டியைத் தூக்கிய நாலு பேரில் மூன்று பேர் நெற்றியில் திருநீறு இருந்தது. அழித்துவிட்டு வரட்டுமா என்று என்னிடம் கேட்டார்கள். வேண்டாம், அய்யா உங்களை அப்படியே அறிவார் என்றேன். கல்லறை வாசலில் அவர்களை யாரும் தடுக்கவில்லை. பாட்டு எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் நின்றபோது, நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதா பாட்டை அவர்கள்தான் ஒரு வரி விடாமல் பாடினார்கள்.

என் வகுப்பில் சேர வரும் எந்தப் பிள்ளையும் மதம் சொல்லும்போது தலை குனிய விடமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் ஒரே மகள்,
ஞானம்