ஆலங்கிளையும் புது ரதமும்

2024 ஜூலை 14, ஞாயிறு

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஜெஞ்சாரோம் கோயிலுக்குப் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. அண்ணன் தம்புசாமி புது ரதத்தையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். கோயில் தலைவரானதிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது. பக்கத்து ஊர் ரதத்தைவிட உயரமாக வேண்டும் என்று தமிழ்நாட்டில் சொல்லிச் செய்தது. கப்பலில் வந்து இறங்கிய பிறகுதான் தெரிகிறது, சாலைக்கு மேல் நீண்டிருக்கும் ஆலங்கிளையில் கலசம் இடிக்கும். வாசலில் நிற்கிற மரத்தை யாருமே அளக்கவில்லை!

அந்தக் கிளை வழியாகத்தான் லோத்தோங் குரங்குக் கூட்டம் சாலையைக் கடக்கிறது. செம்பனைத் தோட்டமும் சாலையும் தின்றது போக, கோயிலுக்குப் பின்னால் ஒரு சிறு துண்டுக் காடு. எதிர்ப்புறம் பெரிய காடு. காலையில் ஆலம்பழம் தின்ன இங்கே வரும், சாயங்காலம் உறங்க அங்கே போகும். இன்று ஒரு தாயின் வயிற்றில் ஒட்டியபடி கேசரி நிறத்தில் குட்டி. கறுத்த குரங்குக்கு இப்படியொரு பிள்ளை. பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

“கலசத்த மட்டும் கழட்டிட்டு ஓட்டுங்கண்ணே” என்றேன்.

“கலசம் இல்லாம அம்மன் ஊர்வலமா? பேசாம இரு லா, மலரு.”

ஜூலை 21

கோயில் கூட்டத்தில் கிளைக்காகப் பேசினேன். யாரும் மறுக்கவில்லை. எல்லாரும் தேநீர் குடித்தார்கள்.

ஜூலை 29, திங்கள்

வெட்டிட்டாங்க. நான் கிளினிக் வேலையில் இருக்கும் நாளாகப் பார்த்து வெட்டிட்டாங்க.

கேவின்தான் போனில் சொன்னான். கிள்ளான் பொம்பாவில் தீயணைப்பு வேலை அவனுக்கு. ஞாயிறுகளில் என்னோடு லோத்தோங் பார்க்க வருவான். மரம் அறுக்கும் இயந்திரம் உறுமியதுமே கூட்டம் கிளையேறி அந்தப் பக்கம் ஓடிவிட்டதாம். தாயும் குட்டியும் ஒரு கிழட்டு ஆணும் மட்டும் பயந்து கோயிலுக்குப் பின்னால் பதுங்கின. அவை திரும்பி வந்தபோது கிளை இல்லை.

அண்ணனிடம் போனில் கத்தினேன். “கொரங்குதானே, எப்படியாச்சும் தாண்டிக்கும்” என்றார். எப்படித் தாண்டும்? பறந்தா?

ஆகஸ்ட் 11, ஞாயிறு

திருவிழா. கலசம் நிமிர்ந்து போனது. வழியில் தாழ்ந்து தொங்கிய கம்பிகளைப் பையன்கள் மூங்கில் கவட்டையால் தூக்கிப் பிடிக்க, ரதம் அடியில் நகர்ந்தது. ஒரு கம்பிக்குக் கொடுக்கிற மரியாதை அந்தக் கிளைக்கு இல்லை. கோபத்தோடுதான் கும்பிட்டேன். அந்தத் தாயையும் பிள்ளையையும் அக்கரை சேர்த்துவிடு, வேறொன்றும் கேட்கமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 20

செத்துப்போச்சு. ரெண்டும்.

குட்டியோடு தாய் தரையில் இறங்கிக் கடக்கப் பார்த்திருக்கிறது. செம்பனைப் பழம் ஏற்றிய லோரி. அண்ணனே போன் செய்தார். “லோரிக்காரன் மேல தப்பு இல்ல லா, மலரு. மஞ்சத் துணியில சுத்தி, மரத்தடியிலயே பொதச்சிட்டேன். குட்டி… தாயோட கைய விடல.”

திட்டுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். போனை வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

பொம்பாவில் கழித்துப்போட்ட துணித் தண்ணீர்க் குழாய்களைக் கேவின் கேட்டு வாங்கிவந்தான். இரண்டை முறுக்கிக் கட்டி, ஆலமரத்திலிருந்து எதிர்ப்புற மரத்துக்குப் பாலமாக இழுத்தோம். இதற்காக நகராண்மைக் கழகத்துக்கு அலைந்து அனுமதி வாங்கியவர் அண்ணன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழேயே நின்றார்.

நவம்பர் 17

கிழட்டு ஆண் வெட்டுப்பட்ட கிளையின் முனையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தையே பார்க்கிறது. பக்கத்திலேயே குழாய். தொடுவதில்லை.

2025 பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று காய்ச்சல், போகவில்லை. அண்ணன் போன் செய்தார். “போயிருச்சு மா. நடுவுல ஒரு தடவ நின்னுச்சு. நான் ரோட்டுல லோரிய நிறுத்திட்டேன். அப்புறம் மெதுவா நடந்து போயிருச்சு.” பிறகு, சின்னப் பிள்ளைபோல், “திரும்பி வருமா?” என்று கேட்டார்.

தெரியாது என்றேன். இந்தப் பக்கத்துக் காட்டில் இப்போது ஒரு லோத்தோங்கூட இல்லை. அது தன் கூட்டத்தோடு சேர்ந்ததற்குச் சந்தோஷப்படத்தானே வேண்டும்? நாள் முழுக்க அழுகையாக வருகிறது.

மே 18

ஆலம்பழம் கொட்டிக் கிடக்கிறது. மிதிபட்டு வாசலெல்லாம் சிவப்பு. அண்ணன் தினமும் கூட்டுகிறார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

திருவிழா. ரதம் ஆலமரத்தடியில் நின்றுவிட்டது. மழையில் குழாய் தொய்ந்து, கலசத்துக்குக் குறுக்கே கிடந்தது.

“அங்கிள், வெட்டிரலாம் லா” என்றான் ரதம் ஓட்டிய சுகுமாறன். “இந்தப் பக்கம்தான் ஒண்ணுமே இல்லையே, யாருக்கு இது?”

மேளம் நின்றது. தட்டேந்திய பெண்கள் வெயிலில் நின்றார்கள். அண்ணன் ஒரு பையன் கையிலிருந்த மூங்கில் கவட்டையை வாங்கினார்.

“கோயிலுக்கு வர்ற வழி. வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். நாம வெட்டக் கூடாது.”

அறுபத்தைந்து வயது அவருக்கு. குழாயைத் தூக்கிப் பிடித்தார். கலசம் அடியில் நுழைந்து போனது. எல்லாரும் ரதத்தின் பின்னால் நடந்தார்கள். அண்ணன் மட்டும் நின்று குழாயை மெதுவாக இறக்கிவிட்டு, கேவினிடம் கேட்டார்: “தம்பி, அந்த முடிச்சு தாங்குமா? குட்டியோட வந்தா வெயிட்டா இருக்கும்.”